கால் பிரண்ட பிள்ளையை எங்கே கொண்டுபோவது? எண்ணெய்க் கட்டு, பெரியாஸ்பத்திரி, சனலிங், வீடு: ஓர் ஒப்பீடு

மாரி மழை விட்டு மைதானம் காய்ந்ததும் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கிவிடும். இரண்டு மூன்று மாதம் வீட்டுக்குள் அடைந்துகிடந்த பிள்ளைகள் ஒரே வாரத்தில் நீளம் பாய்தல், அஞ்சல் ஓட்டம், பின்னேரம் உதைபந்து என்று எல்லாவற்றிலும் இறங்குவார்கள். அந்த வாரத்தில்தான் எனக்கும் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். களுதாவளையிலிருந்து ஒரு தாய், ஏறாவூரிலிருந்து ஒரு வாப்பா, கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு பெரியப்பா. கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைக்குக் கால் பிரண்டு வீங்கிப்போச்சு. எண்ணெய் போட்டுக் கட்டுறதா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதா, இல்லாட்டி தனியாரிடத்தில காசு கட்டி டொக்டரைச் சனல் பண்றதா?"

நான் வைத்தியர் இல்லை. பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்குகிறவன். பிரண்ட கால்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில, எங்கே கொண்டுபோனார்கள் என்பதால் அல்ல, எந்த ஒழுங்கில் கொண்டுபோனார்கள் என்பதால் கெட்டுப்போனதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த மூன்றோடு வீட்டிலேயே பார்ப்பதையும் சேர்த்து நான்கு வழிகளையும் ஒன்றாக வைத்து எழுதுகிறேன்.

## இந்த ஒப்பீடு தேவைப்படாத பிள்ளைகள்

சில அடிகளுக்கு யோசிக்க எதுவுமே இல்லை. கை கால் வளைந்த கோணத்தில் நிற்கிறது, தோல் கிழிந்து உள்ளே எலும்பு தெரிகிறது, விரல்கள் குளிர்ந்து வெளிறிவிட்டன அல்லது மரத்துவிட்டன என்றால் நேரே ஆஸ்பத்திரி. சின்னப் பிள்ளை கையை ஊன்றி விழுந்து முழங்கை வீங்கினாலும் அப்படியே. முழங்கைக்கு மேலே முறியும் எலும்பு அங்கே ஓடும் இரத்தக் குழாயையும் நரம்பையும் நசுக்கிவிடலாம். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், தூங்கித் தூங்கி விழுந்தால், அல்லது கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியிருந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. "முகத்தைக் கழுவிட்டு வா" என்று திரும்ப இறக்குவது பெரிய பிழை.

வெயிலில் ஓடி விழுகிற பிள்ளையும் இந்தப் பட்டியலில்தான். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்ததை எங்கள் கரையில் யாரும் மறந்திருக்க முடியாது. உடம்பு கொதிக்க, பேச்சுக் குழறி விழுந்தால் நிழலுக்கு இழுத்து, உடுப்பைத் தளர்த்தி, தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.

மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது பிரண்ட கணுக்கால், வீங்கிய மணிக்கட்டு, நாள்கணக்காய் நோகும் முழங்காலுக்கு, மேலே படியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

வீடுகளில் நடக்கிற விவாதத்தைக் கேட்டால் அளவுகோல் இரண்டுதான் இருக்கும்: எவ்வளவு செலவு, எங்கே கெதியாய் மாறும். பிள்ளை என்று வந்தால் இவை போதாது. நான் ஐந்தைப் பார்க்கிறேன்.

முதலாவது, எலும்பு முறியவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடிகிறதா. இதில் பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளுக்கு அருகில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் படை உண்டு. எலும்பு நீளமாவது அங்கேதான். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14, 15 வயதளவிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 அளவிலும் இது கெட்டியாகி மூடும். அதுவரைக்கும் பக்கத்திலுள்ள தசைநாரைவிட இந்தத் தட்டுத்தான் பலம் குறைந்தது. அப்பாவின் கால் பிரண்டால் தசைநார் கிழியும். அதே மாதிரிப் பிரண்டால் 12 வயது மகனுக்கு வளர்ச்சித் தட்டு விலகலாம். இரண்டு வீக்கமும் வெளியே ஒரே மாதிரித்தான் இருக்கும். "எனக்கும் சின்ன வயசில பிரண்டது, எண்ணெய் போட்டு மாறிட்டு" என்ற அனுபவத்தைப் பிள்ளையின் காலுக்கு அப்படியே பொருத்த முடியாதது இதனால்தான்.

இரண்டாவது, முதல் இரண்டு நாளும் காலுக்கு என்ன நடக்கிறது. வீக்கம் ஏறும் நேரத்தில் உருவுவதும் சூடு வைப்பதும் உள்ளே இரத்தக் கசிவைக் கூட்டும்.

மூன்றாவது, சொல்லாத செலவு: பஸ், ஆட்டோ, இழந்த நாட்கூலி, தவறிய வகுப்பு, வீட்டில் மாறுகிற சாப்பாடு.

நான்காவது, கையில் எழுத்து ஏதாவது கிடைக்கிறதா. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விளையாட்டு ஆசிரியருக்குக் காட்ட ஒரு துண்டு இல்லாவிட்டால் "இப்ப நோ இல்ல சேர்" என்ற பிள்ளையின் வாய்தான் ஒரே சாட்சி. இறுதிப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது.

ஐந்தாவது, திரும்ப விளையாடும் நாளை யார் முடிவெடுக்கிறார்கள்.

## வழி ஒன்று: வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

இதைப் பலர் 'ஒன்றும் செய்யாமல் விடுவது' என்று நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் இதுவே நல்ல சிகிச்சை. சிறிய சுளுக்குகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையும் இல்லை.

கனடாவின் ஒட்டாவாவில் வைத்தியர்கள் 1992இல் வெளியிட்ட ஒரு விதி, உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகிறது. எக்ஸ்ரே தேவையா என்று கையாலேயே பார்க்கும் வழி அது. கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பையும் கீழ் நுனியையும் விரலால் அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலுக்கு நேரே நடுவில் தட்டுப்படும் மேட்டையும், உட்பக்கம் பாத வளைவின் மேலே உள்ள எலும்பையும் அழுத்துங்கள். எந்த எலும்பிலாவது பிள்ளை துள்ளினால் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்ட உடனேயும், பிறகு பார்க்கும்போதும், நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். இரண்டும் இல்லை, நோவு எலும்புக்கு முன்னாலுள்ள மெதுவான சதையில்தான் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். அழுகிற பிள்ளையிடமும், எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளையிடமும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

வீட்டில் செய்வது இதுதான். ஐஸைத் துணியில் சுற்றி ஒரு தரத்துக்குக் கால் மணித்தியாலம், முதல் இரண்டு நாளும் நான்கைந்து தரம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு மீன் விற்கிறவரிடம் ஒரு கட்டி கேட்டு வாங்கலாம். வாடை அடிக்கும், ஆனால் வேலை செய்யும். விரலிலிருந்து முழங்காலை நோக்கி கிரேப் பண்டேஜ் சுற்றி, படுக்கும்போது காலைத் தலையணையில் உயர்த்தி வைக்க வேண்டும். சித்தாலேப தைலம் தேய்த்து உருவுவதை முதல் இரண்டு நாளும் விடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து கணுக்காலை மேலும் கீழும் மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். வாரக்கணக்காய்க் கட்டிலில் கிடப்பதும் நல்லதல்ல.

மாத்திரை விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கென்று ஓர் எச்சரிக்கை. பரசிற்றமோல், வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில், போதும். பாமசியில் கேட்டால் நோவுக்கு டைக்குளோபெனாக்கோ ஐபுப்ரொபெனோ தருவார்கள். விளையாட்டுப் போட்டிக் காலமும் டெங்குக் காலமும் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. காய்ச்சல் குணம் இருக்கும் பிள்ளைக்கு அந்த வகை மாத்திரைகள் இரத்தக் கசிவை மோசமாக்கலாம். கால் நோவுக்கு வாங்கிவைத்த மாத்திரையை அடுத்த வாரம் காய்ச்சலுக்கும் கொடுத்துவிடும் வீடுகளைத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

இந்த வழியின் மறைந்த செலவு பொறுமை. யாரும் கட்டுப் போடாததால் பிள்ளைக்கு 'காயம்' என்ற அந்தஸ்துக் கிடைப்பதில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் மதிலுக்கு மேலால் பந்துச் சத்தம் கேட்டால் ஆள் மைதானத்தில்.

## வழி இரண்டு: முறிவு நெரிவு வைத்தியர்

இதைப் பற்றி எழுதும்போது இரண்டு பக்கமும் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

முறிவுக்கும் சுளுக்குக்கும் எண்ணெய் போட்டுக் கட்டுகிற முறிவு நெரிவு வைத்தியம் எங்கள் ஊர்களில் பரம்பரையாக வருவது. இலங்கையில் ஆயுர்வேத வைத்திய சபையில் இதற்கென்றே பதிவு பெறும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். படுவான்கரையில் ஒரு கிராமத்திலிருந்து பார்த்தால், வாவியைத் தாண்டி மட்டக்களப்புக்குப் போய் வருவது ஒரு முழு நாள் வேலை. வைத்தியர் வீடோ சைக்கிளில் பத்து நிமிடம். பின்னேரம் ஆறு மணிக்கும் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் கிடைக்காத ஒன்றை அவர் தருகிறார்: நேரம். காலை மடியில் வைத்து, எங்கே எப்படி விழுந்தாய் என்று கேட்டு, மூன்று நாளில் திரும்ப வரச்சொல்லி, திரும்பவும் தொட்டுப் பார்ப்பார். எலும்பு முறியாத சுளுக்கில் இந்தத் தொடர் கவனிப்புக்குப் பெறுமதி உண்டு. இன்னுமொன்று: மட்டை வைத்துக் கட்டிய காலைப் பார்த்தால் எந்தக் கோச்சும் பிள்ளையை இறக்கமாட்டார். எண்ணெய் என்ன செய்கிறதோ தெரியாது, அந்தக் கட்டு பிள்ளைக்கு ஓய்வை வாங்கிக் கொடுக்கிறது.

பிரச்சினை முதல் அளவுகோலில் வருகிறது. விரலால் தடவி முறிவைச் சொல்லும் அனுபவம் அவர்களில் பலருக்கு இருக்கலாம். வளர்ச்சித் தட்டு ஒரு நூலளவு விலகியதை எந்த விரலும் சொல்லாது. அது எக்ஸ்ரேயில்கூடச் சில நேரம் தெரியாது. நல்ல வைத்தியர்கள் இதை அறிந்தவர்கள். "முதல்ல படம் எடுத்துக்கொண்டு வா மனே, மறுகா நான் கட்டுறன்" என்று சொல்கிறவரை நான் முழுதாக நம்புவேன். படத்தைக் கேட்காமலேயே இழுத்துப் பொருத்துகிறவரிடம் என் பிள்ளையைக் கொண்டுபோக மாட்டேன்.

இரண்டாவது ஆபத்து இறுக்கம். வீக்கம் ஏறும் முதல் 24 மணி நேரத்தில் மட்டைக் கட்டு இறுகினால் உள்ளே இரத்த ஓட்டம் தடைப்படும். விரல் குளிர்வது, நீலம் பாய்வது, மரப்பது, விரலை மெல்ல அசைத்தாலே தாங்க முடியாத நோ எழுவது: இதில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டைத் தொட்டால் வைத்தியர் ஏசுவார் என்று பயந்து இரவு முழுக்கப் பிள்ளையை அழவிட்ட ஒரு வீட்டை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் போடுகிற பிளாஸ்டர் இறுகினாலும் இதே கதைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். முழங்கையை உருவவே கூடாது. அங்கே அழுத்தி உருவினால் சதைக்குள் எலும்பு படிந்து கை மடங்காமல் போகலாம்.

மறைந்த செலவு பத்தியம். மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், நண்டு இறால் வேண்டவே வேண்டாம் என்று மூன்று வாரம். வளர்கிற, காயம் ஆறவேண்டிய பிள்ளைக்குப் புரதம் கூடத் தேவைப்படும் நேரத்தில் சோறும் ரசமும். பத்தியத்தை மீற மனமில்லாத வீடு பருப்பு, கடலை, பயறு, பால், தயிரையாவது கூட்டட்டும்.

எழுத்து எதுவும் பெரும்பாலும் கிடைக்காது. எண்ணெய், கட்டுத் துணி, ஒவ்வொரு தரமும் வெற்றிலையில் வைக்கும் காசு எல்லாம் கூட்டினால், 'இலவச ஆஸ்பத்திரியைவிட மலிவு' என்ற எண்ணமும் அவ்வளவு சரியில்லை.

## வழி மூன்று: அரச ஆஸ்பத்திரி

பெரியாஸ்பத்திரி என்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அம்பாறையில் பொது வைத்தியசாலை. ஒரு கணுக்கால் படத்துக்குப் பெரியாஸ்பத்திரி வரை ஓட வேண்டிய தேவை பலருக்கு இல்லை. பார்ப்பதும் படம் எடுப்பதும் பிளாஸ்டர் போடுவதும் இலவசம்.

முறிவு இருக்கிறதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல வழி இந்த விலையில் வேறு இல்லை. கட்டாயம் அறுவை தேவைப்பட்டாலும் இங்கிருந்துதான் பாதை தொடங்குகிறது. கையில் துண்டு கிடைக்கும். அதைத் தொலைக்காதீர்கள்; பாடசாலைக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்க நேர்ந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

செலவு நேரம். காலை எட்டு மணிக்கு நம்பர் எடுத்தால், டொக்டர், எக்ஸ்ரே, திரும்ப டொக்டர், மருந்து என்று மதியம் தாண்டும். கூலிக்குப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம். பிறகு கிளினிக் என்று இன்னொரு திகதி, இன்னொரு நாள்.

ஆனால் நான் கண்ட பெரிய ஆபத்து வரிசை அல்ல, ஒரு வசனம்: "எலும்பு முறியல."

என் அக்காவின் மகனுக்கு 13 வயது. கல்லடிப் பக்கத்தில் ஒரு மணல் மைதானத்தில் பந்தைத் துரத்தும்போது கால் பிரண்டது. நான்தான் கொண்டுபோனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை. கூட்டம் நிறைந்த நாள், இளம் டொக்டர், படத்தைப் பார்த்துவிட்டு முறிவில்லை என்று சொல்லி மாத்திரை எழுதினார். சொன்னது உண்மை. நாங்கள் கேட்டது வேறு. வீட்டுக்கு வந்து அக்காவிடம் நானே "ஒண்டும் இல்லையாம்" என்றேன். ஒன்பதாம் நாள் அவன் வலது புறத்தில் விளையாடினான், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடத்தில் அதே கால் திரும்பப் பிரண்டது, முந்தினதைவிட மோசமாக. முறிவில்லை என்ற படம் தசைநாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு தரம் பிரண்ட காலே அடுத்த தரமும் பிரள்வதற்கு முதல் காரணம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் யாரும் மறுக்காத விஷயம். அதைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிற நான் மறந்தேன்.

ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எழும்பி வருமுன் மூன்றைக் கேளுங்கள். எப்போது திரும்பக் காட்ட வேண்டும்? பிசியோவுக்குத் துண்டு தருவீர்களா? எத்தனை கிழமை விளையாடக்கூடாது, அதைத் துண்டில் எழுதித் தருவீர்களா? கேட்டால் எழுதுகிறார்கள். கேட்காவிட்டால் அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர். படத்தில் ஒன்றுமில்லாமல் ஏழு பத்து நாள் கழிந்தும் எலும்பின்மேல் அழுத்தினால் நோகுமானால், திரும்பக் காட்டி இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

## வழி நான்கு: டொக்டரைச் சனல் பண்ணுவது

எலும்பு முறிவு நிபுணரைப் பின்னேரம் தனியாரிடத்தில் பார்ப்பது. காத்திருப்புக் குறைவு, கேள்வி கேட்க நேரம் கொஞ்சம் கூட. நாட்கூலியை இழக்காமல் வேலை முடிந்து போகலாம் என்பதால், கட்டணம் கொடுத்தும் சிலருக்கு இது லாபம்.

ஆனால் கட்டணம் முதல் படிதான். படம் தனி, மருந்து தனி, ஸ்கேன் சொன்னால் அது பெரிய தனி. சாதாரணக் கணுக்கால் சுளுக்குக்கு எம்ஆர்ஐ தேவைப்படுவது அரிது. "ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுவமே" என்று பெற்றோரே கேட்பதும் உண்டு. அதைக் கேட்பதற்கு முதல், அந்தப் படம் சிகிச்சையை மாற்றுமா என்று கேளுங்கள். அதே நிபுணர் காலையில் அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் பார்ப்பவராகவும் இருப்பார் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இது உண்மையில் பெறுமதி தருவது முழங்காலுக்கு. பாய்ந்து இறங்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்திலேயே முழங்கால் பந்துபோல வீங்கினால் உள்ளேயுள்ள குறுக்குத் தசைநார் அறுந்திருக்கலாம். வலைப்பந்து, கரப்பந்து விளையாடும் பெண் பிள்ளைகளுக்கு இது ஆண் பிள்ளைகளைவிடக் கூட நடக்கிறது. அங்கே நிபுணரின் கண் அவசியம், சீக்கிரமும் அவசியம்.

## ஒரே பார்வையில்

| | வீடு | முறிவு நெரிவு வைத்தியர் | அரச ஆஸ்பத்திரி | சனலிங் |
|---|---|---|---|---|
| முறிவைக் கண்டறிதல் | அழுத்திப் பார்த்து ஊகம் மட்டும் | படம் கேட்பவரானால் நல்லது, இல்லாவிட்டால் ஆபத்து | நன்று | நன்று |
| முதல் இரண்டு நாள் | ஐஸ், கட்டு, உயர்த்துதல் | உருவலும் இறுக்கமும் கவனம் | நன்று | நன்று |
| கைக்காசு | மிகக் குறைவு | சிறுகச் சிறுகக் கூடும் | இல்லை | அதிகம் |
| மறைந்த செலவு | பொறுமை | பத்தியம், தாமதம் | ஒரு நாள் கூலி, வகுப்பு | தேவையற்ற ஸ்கேன் |
| எழுத்து | இல்லை | பெரும்பாலும் இல்லை | உண்டு | கேட்டால் உண்டு |
| தொடர் கவனிப்பு | பெற்றோர் கையில் | நன்று | கிளினிக் துண்டு வாங்கினால் | காசு இருக்கும்வரை |
| திரும்ப விளையாடும் நாள் | பிள்ளையே முடிவெடுக்கும் | கட்டு அவிழ்க்கும் நாள் | கேட்டால் சொல்வார்கள் | கேட்டால் சொல்வார்கள் |

## அப்ப, எந்தப் பிள்ளைக்கு எது

நான்கு அடி நடக்கிறது, எலும்பில் நோவில்லை: வீடு. நடக்க முடியவில்லை, அல்லது எலும்பில் நோ: பக்கத்து ஆதார வைத்தியசாலை, அன்றைக்கே. முறிவில்லை என்று படம் சொன்னபின், ஆஸ்பத்திரி தூரமாய் இருக்கும் வீடு நம்பிக்கையான முறிவு நெரிவு வைத்தியரிடம் தொடர்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. வளர்ச்சித் தட்டில் சந்தேகம் என்று சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம். ஒழுங்கு முக்கியம்: படம் முதலில், எண்ணெய் பிறகு. இதைத் தலைகீழாகச் செய்து மூன்று கிழமை கழித்துப் படம் எடுப்பவர்களுக்குத்தான் எலும்பு பிழையாகப் பொருந்தியிருக்கும்.

மணிக்கட்டுக்கு ஒரு தனி விதி. கோல்காப்பாளரோ கிரிக்கெட் பிள்ளையோ கையை ஊன்றி விழுந்து, பெருவிரலின் அடியிலுள்ள குழியில் அழுத்தினால் நோகிறதா? அங்கே ஒரு சின்ன எலும்பு முறிந்தால் முதல் படத்தில் தெரியாமல் போகலாம். படம் நல்லது என்று சொன்னாலும் இரண்டு கிழமை அளவில் திரும்பக் காட்டுங்கள்.

விழாமல் பிரளாமல் வரும் நோக்கள் வேறு. முழங்கால் சிரட்டைக்குக் கீழே ஒரு மேடு வந்து, ஓடினால் நோகும், ஓய்ந்தால் குறையும் என்றால் பெரும்பாலும் அது வளரும் வயதில் பாய்தலும் உதைத்தலும் கூடியதால் வருவது. பயிற்சியைக் குறைத்தால் காலப்போக்கில் போய்விடும், எண்ணெய்ச் செலவு வீண். அதே வயதில் இன்னொரு நோ இருக்கிறது, அதை நினைத்தால் எனக்குப் பயம்: பத்து முதல் பதினாறு வயதுக்குள், அதிலும் கொஞ்சம் உடம்பான பிள்ளை, முழங்கால் நோகிறது என்று நொண்டும். முழங்காலில் ஒன்றும் இருக்காது. பிழை இடுப்பு மூட்டில். தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து வழுகியிருக்கும். நாள்கணக்காய் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தால் இடுப்பு கெட்டுவிடும். காரணமில்லாமல் நொண்டும் பிள்ளைக்கு இடுப்பையும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரவில் நித்திரையிலிருந்து எழுப்புகிற எலும்பு நோவும் வீட்டில் வைத்திருக்கக்கூடியதல்ல.

## ஐந்தாவது அளவுகோல்

அட்டவணையின் கடைசி வரியைத் திரும்பப் பாருங்கள். நான்கு வழியிலும் பலவீனமான வரி அதுதான். யாரும் தானாக முன்வந்து நாள் சொல்வதில்லை, சொன்னாலும் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வது. லேசான சுளுக்குக்கு ஒன்று இரண்டு கிழமை, நடுத்தரத்துக்கு மூன்றிலிருந்து ஆறு என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் கால் நாட்காட்டி பார்ப்பதில்லை.

அதனால் நான் நாளைக் கேட்பதை விட்டுவிட்டு வேலையைக் கேட்கிறேன். வீக்கம் வற்றி, மற்றக் காலைப்போல முழுதாக மடங்கி நீள வேண்டும். அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் ஆடாமல் நிற்க வேண்டும்; பல் துலக்கும்போது பழகலாம், இதுவே அடுத்த பிரளலைத் தடுக்கும் பயிற்சியும். பிறகு நோவில்லாமல் நேரே ஓடி, எட்டுப் போல வளைந்து ஓடி, அதே ஒற்றைக் காலில் இருபது தரம் கெந்த வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது. நோ வந்தால் ஒரு படி கீழே. இவை எல்லாம் முடிந்தபின்தான் அணியோடு பயிற்சி, அதன்பிறகுதான் போட்டி. முதல் சில மாதம் கணுக்கால் பட்டியும் போடச் சொல்கிறேன்.

இதை ஒரு கொப்பித் தாளில் எழுதி, ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் திகதி போட்டு, விளையாட்டு ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்கள் பலர் இதை விரும்புகிறார்கள். நோவோடு இறக்கினால் பழி தங்கள் தலையில் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அக்காவின் மகன் இரண்டாம் தரம் பிரண்டபின் இந்தத் தாளைக் கிணற்றடித் தூணில் ஒட்டினோம். எட்டாம் கிழமை வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசிப் படி. அக்கா எண்ணினாள், அவன் கெந்தினான். பதினேழில் காலைக் கீழே வைத்தான். "இருபது எண்டு வையுங்களன் மாமா" என்று என்னைப் பார்த்தான். அடுத்த நாள் போட்டியில் எல்லைக்கோட்டுக்கு வெளியே, தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றான்.